குடிக்காமல் விட்ட தேத்தண்ணி

அசையாத எந்தப் பொருளையும் என்னால் வரைந்துவிட முடியும். இதைத் தன்னடக்கம் இல்லாமலேயே சொல்கிறேன். மதுரையில் ஓவியம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. செம்பு, சீசா, மாம்பழம், டீக்கடை பாய்லர் என்று என் தூரிகைக்குத் தப்பிய பொருள் ஊரில் குறைவு. மனித முகங்களை வரைகிற சக ஆசிரியர்கள் என்னைக் குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுகிறவள் என்பார்கள். முதலில் அந்தச் சட்டியை என்னைப்போல் வரைந்துவிட்டு வாருங்கள், குதிரையைப் பிறகு பார்க்கலாம் என்று நான் பதில் சொல்வேன். இந்தப் பெருமையையும் ஒரு பெட்டி வண்ணங்களையும் சுமந்துகொண்டுதான் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் போய் இறங்கினேன்.

கூப்பிட்டவள் நபீலா. பக்கத்தில் இருக்கும் சாய்ந்தமருதில் பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் மதுரையில் நடந்த ஒரு பயிற்சிக்கு வந்து என்னோடு ஒட்டிக்கொண்டவள். அவளுடைய முதல் கண்காட்சி கல்முனையில் நடக்க இருந்தது. எல்லாப் படங்களும் தேநீரைப் பற்றியவை. தேத்தண்ணிக் கோப்பை, கேத்தல், தேயிலை வடி, கருப்பட்டித் துண்டு. கண்காட்சியை நான் திறந்துவைக்க வேண்டும். கூடவே, அவள் வீட்டுத் தேநீரை வைத்து நானும் ஒரு படம் வரைந்து, மண்டப வாசலுக்கு நேர் எதிரே மாட்ட வேண்டும். அக்கா கீறின படம் முன்னுக்கு இருந்தால் என் கண்காட்சிக்கே ஒரு கம்பீரம் என்று எழுதியிருந்தாள். இப்படி எழுதினால் நான் போகாமல் இருப்பேனா?

அழைத்துப்போக வந்த ஓட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் இந்தியாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஓம், ஆமாம் எண்டு சொல்லக்குள்ளேயே விளங்கிட்டு" என்று சிரித்தார். அங்கே ஆமாம் என்பதற்கு எல்லோரும் ஓம் என்பார்கள். இரவெல்லாம் பேருந்தில் வந்த களைப்பு என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் முன்பே ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்திவிட்டார்.

எங்கள் ஊரில் டீ நின்றுகொண்டு குடிக்கிற பானம். கிளாஸை விளிம்பில் பிடித்து, தெருவைப் பார்த்து, நாலு உறிஞ்சலில் முடித்துவிட்டு நடையைக் கட்டுவோம். இங்கே உட்காரவைத்தார்கள். கேட்காமலே ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ், கடலை வடை, மீன் பணிஸ் எல்லாம் வந்தன. விருந்தாளிக்கு வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று நான் பாடுபட்டுத் தின்றுகொண்டிருந்தேன். தின்றதற்கு மட்டும்தான் காசு, மற்றது திரும்ப உள்ளே போகும் என்று ஓட்டோக்காரர் மெல்லச் சொன்னபோது தட்டில் ஒரே ஒரு வடைதான் பாக்கி இருந்தது. அவர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

நபீலாவின் வீடு கடற்கரையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு; கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். எங்கள் பக்கத்தில் பெண்கள் பெட்டியோடு கிளம்புவதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நபீலாவின் கணவர் ரவூப் அமைதியான மனிதர். அவளுடைய உம்மா வாசலிலேயே காத்திருந்தார். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே பிளேன்டீ வந்துவிட்டது. பால் கிடையாது, சீனி கிடையாது. கண்ணாடி கிளாஸில் செக்கச்செவேலென்று சாயம், பக்கத்தில் சின்னத் தட்டில் கருப்பட்டித் துண்டு. கருப்பட்டியை ஒரு கடி, தேநீர் ஒரு மிடறு. வெயில் அந்தக் கிளாஸுக்குள் புகுந்து, கீழே வெள்ளைத் தட்டில் ஒரு சிவப்பு வட்டத்தைப் போட்டிருந்தது. அதைப் பார்த்தவுடன் என் கை பரபரத்தது.

மாலையில் மண்டபத்துக்குக் கூட்டிப்போய்த் தன் படங்களைக் காட்டினாள். மறைக்காமல் சொல்கிறேன், நான் அசந்துபோனேன். மதுரையில் என்னிடம் கோடு இழுக்கப் பயந்த பெண்ணா இவள் என்று இருந்தது. ஒரே ஒரு படம்தான் எனக்குப் பிடிபடவில்லை. கிளாஸ் ஒன்று தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது, அதற்குள்ளே பாதி கடித்த கருப்பட்டி, அவ்வளவுதான். கிளாஸைக் கவிழ்த்தால் தேநீரின் நிறமே போய்விடுகிறதே, இதைப் போய் ஏன் வரைந்தாய் என்று கேட்டேன்.

"அது காக்காக்கு" என்றாள்.

காக்கா என்றால் அண்ணன். அமீர் என்று பெயர், படகு வைத்துத் தொழில் செய்கிறவர். அன்றைக்குத்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். சுனாமியில் அவர்களுடைய வாப்பா போய்விட்டார். கடலோரம் இருந்த பழைய வீட்டோடு அவருடைய புகைப்படங்களும் போய்விட்டன. போன வருடம் அமீர் காக்கா வந்து, என் பிள்ளைகளுக்கு அவருடைய முகம் தெரியாது, நீ சித்திர டீச்சர்தானே, ஞாபகத்திலிருந்து கீறிக் கொடு என்று கேட்டிருக்கிறார். நபீலா உயிருள்ள எதையும் வரைவதில்லை. மார்க்கத்துக்காக அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் கோப்பை கீறுகிறாய், பெற்ற வாப்பாவுக்குக் கீறமாட்டாயா என்று அவர் எழுந்துவிட்டார்.

"காக்காக்கு முன்னால வெச்ச தேத்தண்ணி அப்பிடியே கிடந்திச்சி அக்கா. ஒரு வாயும் குடிக்கல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்குள் வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வந்து வாசலில் நின்று, உம்மாவிடம் நலம் விசாரித்து, மீன் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம். கண்காட்சிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர் வந்து அந்தப் படத்தைப் பார்த்தால் போதும், வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றாள். திறந்துவைக்க மதுரையிலிருந்து வந்திருக்கிற எனக்கு இது கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் வரிப்பத்தான்சேனைக்குப் போனோம். ரவூபின் சொந்தக்காரர்கள் அங்கே வேளாண்மை செய்கிறார்கள், அறுவடை நேரம். வயல் வெட்டைப் பார்க்கத்தான் போனேன், ஆனால் பார்த்ததெல்லாம் தேநீர்தான். வரப்பில் ஒன்று, களத்தில் ஒன்று, சொந்தக்காரர் வீட்டில் ஒன்று, அவருக்குப் பக்கத்து வீட்டில் ஒன்று. அங்கே வேண்டாம் என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. கடைசி வீட்டில் முடியாமல் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். எருமைத் தயிர்ச் சட்டியைக் கையில் கொடுத்து வழியனுப்பிய அந்த வீட்டுப் பெண் வாசல் படலை வரை வந்தாள். முகம் வாடியிருந்தது.

"எங்களோட கோவமா டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் பதறிப்போய்த் திரும்ப உள்ளே சென்று மிச்சத்தையும் குடித்தேன். என்ன உபசாரம், என்ன மனசு என்று வியந்தேனே தவிர, அவள் கேட்ட கேள்வியை அதற்கு மேல் யோசிக்கவில்லை. திரும்புகிற வழியில் பேருந்து நின்றுவிட்டது. நெல் மூட்டை ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. வயிற்றுக்குள் அத்தனை தேநீரும் குலுங்க, மடியில் தயிர்ச் சட்டி குலுங்க, மூட்டை மேல் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். சட்டி உடையவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

மூன்றாம் நாள் வரையும் நாள். மருதமுனையில் நெய்த கோடு போட்ட கைத்தறித் துணியை மேசையில் விரித்தேன். அதன்மேல் உம்மாவின் பெரிய தட்டு, ஆறு கிளாஸ் பிளேன்டீ, நடுவில் கருப்பட்டி. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஆறு சிவப்பு வட்டங்கள் துணியில் நடுங்கின. இதற்குத்தான் வந்தேன் என்று தோன்றியது.

பென்சில் கோட்டை முடித்து வண்ணம் குழைத்துவிட்டு நிமிர்ந்தால் தட்டைக் காணோம். உம்மா எடுத்துப்போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கப் புதுத் தேநீரோடு திரும்பி வந்தது. கிளாஸ்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. பரவாயில்லை என்று மறுபடி அடுக்கினேன். கை கழுவப் போய் வந்தால் மறுபடி தட்டு இல்லை. இம்முறை பால் தேத்தண்ணி வந்தது. பிளேன்டீ எனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று உம்மா நினைத்துவிட்டார். அசையாப் பொருளை வரைய வந்த இடத்தில் பொருள் நடந்துகொண்டே இருந்தது. என் இத்தனை வருட அனுபவத்தில் மாம்பழம் அழுகியிருக்கிறது, பூ வாடியிருக்கிறது. எதுவும் எழுந்து சமையலறைக்குப் போனதில்லை.

கடைசியில் உம்மாவை உட்காரவைத்து விளக்கினேன். இது குடிக்க இல்லை, படத்துக்கு. ஆறினாலும் பரவாயில்லை.

"ஆறினத முன்னால வெச்சிட்டு எப்பிடி மகள் பாத்துக்கிட்டு இரிக்கிற?" என்றார். "ஊட்டுக்கு வந்த ஆக்கள் பாத்தா என்ன நினைக்கும்?"

யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்று நான் உறுதி கொடுத்தேன். எந்த ஊரைப் பற்றி யாருக்கு உறுதி கொடுத்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உம்மா தலையாட்டிவிட்டுப் போனார். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

மாலைக்குள் படம் முடிந்தது. ததும்பத் ததும்ப ஆறு கிளாஸ்கள். விளிம்பில் ஒளி, கீழே சிவப்பு வட்டங்கள், துணியின் கோடுகள் கண்ணாடிக்குள் வளைந்து தெரிகிற நுணுக்கம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஆனால் இது நிஜமாகவே பொன். நபீலா மண்டபத்திலிருந்து வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, கீறினது சரியான அருமை அக்கா என்றாள். என் திறமையில் பேச்சு வராமல் நிற்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். விருந்தாளியைத் திருத்துவது அந்த வீட்டில் வழக்கமில்லை என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

படத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோனது தனிக் கூத்து. ஓட்டோவுக்குள் அது நுழையவில்லை. பாதி வெளியே நீட்டியபடி நானும் நபீலாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, கடல் காற்று அதைப் பாய்மரமாக்கி வண்டியை நடுத்தெருவுக்குத் தள்ளியது. முதல் நாள் வடை தின்னும்போது என்னை மதித்த அதே ஓட்டோக்காரர்தான். இனி வரும்போது சின்னப் படமாகக் கீறச் சொன்னார்.

கண்காட்சி நாளில் நல்ல கூட்டம். ஆசிரியைகள், கடைக்காரர்கள், மருதமுனையிலிருந்து நெசவுக்காரக் குடும்பங்கள், குடும்பம் குடும்பமாகப் பெண்கள். மண்டபத்தின் மூலையில் உம்மா பெரிய பிளாஸ்க்குகளோடு உட்கார்ந்துவிட்டார். படம் பார்க்கிறவர்கள் தொண்டை காய்ந்து போகக் கூடாதாம். நான் பட்டுச் சேலையில் என் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன், பாராட்டுகளை வாங்கிக்கொள்ள வசதியாக.

வாசலில் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் என் படத்துக்கு முன்னால் வந்ததும் சத்தத்தைக் குறைத்தார்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். உச் கொட்டினார்கள். ஒரு கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். கலையின் முன் மௌனம் என்று நான் முதலில் மகிழ்ந்தேன். பிறகு கறுப்பு அபாயா அணிந்த, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி என்னிடம் வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் மெல்லக் கேட்டார்.

"ஆரு டீச்சர் கோவிச்சிட்டுப் போன?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு முன்னால் தட்டை வைப்பார்கள். குடித்தால் சம்மதம். குடிக்காமல் எழுந்தால் பேச்சு முறிந்தது. சண்டைக்காரரும் அப்படித்தான், குடிக்காமல் எழுந்தால் உறவில்லை. நீங்கள் ஒரு கிளாஸ்கூடத் தொடாமல் ஆறையும் அப்படியே வைத்திருக்கிறீர்கள், பெரிய சண்டையாக இருக்க வேண்டும், பாவம் அந்த வீட்டுக்காரர் என்றார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது பட்டுச் சேலையோடு, நடு மண்டபத்தில். சுற்றும் முற்றும் நபீலாவின் படங்களைப் பார்த்தேன். அவள் வரைந்த எந்தக் கோப்பையும் நிறைந்திருக்கவில்லை. எல்லாம் யாரோ குடித்துவிட்டு வைத்தவை. அடியில் தூள், விளிம்பில் ஈரம், கடித்த கருப்பட்டி. அவள் வரைந்ததெல்லாம் மனம் நிறைந்து எழுந்துபோன விருந்தாளிகளை. நான் வரைந்தது ஒரு வீட்டின் அவமானத்தை.

அந்த நேரம் பார்த்துத்தான் அமீர் காக்கா வந்தார். வெயிலில் கறுத்த, உயரமான மனிதர். இரண்டு பெண் பிள்ளைகள் கூட வந்திருந்தார்கள். வாசலைத் தாண்டியவுடன் எதிரே என் படம். அவர் நின்றுவிட்டார். தட்டைப் பார்த்தார், கிளாஸ்களைப் பார்த்தார். நபீலா என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தாள்.

"இது எங்கட உம்மாட தட்டு" என்றார் அவர். சத்தம் போடவில்லை, ஆனால் மண்டபம் கேட்டது. "நான் குடிக்காமப் போனத ஊரெல்லாம் பாக்கட்டும் எண்டா கீறி வெச்சிரிக்கி?"

இல்லை, நான்தான் வரைந்தேன், எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது, அது வெறும் தேநீர் என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவர் எனக்கு மரியாதையாகத் தலையசைத்தார். அன்னிய ஊர்ப் பெண்ணிடம் கோபப்படுகிறவர் இல்லை. ஆனால் பிள்ளைகளின் தோளில் கைவைத்து வாசல் பக்கம் திருப்பினார். என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரு படத்தை அப்போதே கிழித்துப்போட நினைத்தது அந்த ஒரு தரம்தான்.

வாசலுக்குப் போகும் வழிச் சுவரில்தான் அந்தக் கவிழ்த்த கிளாஸ் படம் இருந்தது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, இந்த கிளாஸ் ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்டாள். அமீர் காக்கா திரும்பினார். அதற்குப் பிறகு அவர் நகரவில்லை.

பிறகு குனிந்து, இரண்டு பிள்ளைகளையும் முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இதான் ஒங்கட மூத்தப்பா" என்றார்.

பிள்ளைகள் விழித்தார்கள். அவர் அந்தக் கிளாஸைக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். கடலிலிருந்து வந்ததும் அவர்களுடைய தாத்தா ஒரே ஒரு பிளேன்டீதான் குடிப்பார். கருப்பட்டியில் பாதியை மட்டும் கடிப்பார். மீதிப் பாதியைத் தட்டில் வைத்து அதன்மேல் கிளாஸைக் கவிழ்த்துவிடுவார். எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று உம்மாவுக்குச் சொல்வதற்கும் அதுதான். எறும்பு வராமல் பிள்ளைகளுக்கு வைப்பதற்கும் அதுதான். ஓடிவந்து முதலில் கிளாஸைத் தூக்குகிறவருக்கு அந்தப் பாதி. "நான்தான் பெரிய ஆள். ஆனா எப்பவும் ஒங்கட மாமி நபீலாதான் முந்துவா" என்றார்.

முகம் வரையாமல் ஒரு மனிதரை முழுசாக வரைந்திருந்தாள் அந்தப் பெண். நான் அதற்கு முன்னால் நின்று, தேநீரின் நிறம் போய்விட்டதே என்று கேட்டிருக்கிறேன்.

அமீர் காக்கா தங்கையைப் பார்த்தார்.

"ஒரு தேத்தண்ணி தா, நபீலா."

அவள் பிளாஸ்க்கை எடுக்க ஓடினாள். அதற்குள் உம்மா ஊற்றிவிட்டார். அமீர் காக்கா நின்றபடியே குடித்தார், எங்கள் மதுரைக்காரர்களைப் போல. கருப்பட்டியில் பாதியைக் கடித்தார். மீதியைத் தட்டில் வைத்து, கிளாஸைக் கவிழ்த்து, தங்கை பக்கம் நீட்டினார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். உம்மா மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதார்.

மாலையில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மண்டபம் காலியானது. நான் பெட்டியைத் திறந்து தூரிகையை எடுத்தேன். முடித்துக் கையெழுத்துப் போட்ட படத்தை நான் திரும்பத் தொடுவதில்லை. அது என் கொள்கை. நபீலாவும், நல்ல படத்தைக் கெடுக்க வேண்டாம் அக்கா, விடுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை. ஆறு கிளாஸ்களில் ஓரத்தில் இருந்த ஒன்றைக் காலி செய்தேன். அதன் சிவப்பு வட்டத்தைத் துணியிலிருந்து அழித்தேன். அடியில் கொஞ்சம் தூள் வைத்தேன். நடுவில் இருந்த கருப்பட்டி ஒன்றில் ஒரு கடி வைத்தேன். பல் பதிந்த இடம் சரியாக வருவதற்கு எனக்கு நிஜக் கருப்பட்டிகள் பல தேவைப்பட்டன. தன்னடக்கம் இல்லாமலேயே சொல்கிறேன், நான் வரைந்ததிலேயே சிறந்தது அந்தக் காலிக் கிளாஸ்தான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள். எனக்கு ஐந்தாம் நாளும் ஆகிவிட்டது. ஊருக்குக் கிளம்பும் முன் காலையில் மண்டபத்துக்கு ஒரு எட்டுப் போனேன். கண்ணாடி போட்ட அந்தப் பெண்மணி மறுபடி வந்திருந்தார், கூடத் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு. அந்தச் சண்டைப் படத்தைக் காட்டத்தான் கூட்டிவந்திருக்க வேண்டும். நேராக என் படத்துக்கு முன்னால் போய் நின்றவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே குனிந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் தங்கையிடம். "ஒராள் குடிச்சிட்டார்."

பிறகு இருவரும் நிம்மதியாக அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள்.